எழுபதாயிரம் ரூபாய்க்கு இரண்டு வாட்

போன மாதம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தம்பி தன் போனில் ஒரு படம் காட்டினான். ஒரு ஜோடி சைக்கிள் சக்கரம். டயரைத் தாங்கும் வளையமான ரிம் கறுப்பு கார்பன், 50 மில்லிமீட்டர் ஆழம், பார்க்கவே அழகு. விலை 70,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

"அண்ணா, இதைப் போட்டா ஸ்பீடு எவ்வளவு ஏறும்? வாங்கலாமா, வேண்டாமா, நேராச் சொல்லுங்க."

அவன் ரோடு பைக் வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே திருவான்மியூரில் கிளம்பி, ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்புகிறான். போக வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சராசரி வேகம் 25-ஐ ஒட்டி இருக்கும். போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணம் இல்லை. காற்று முகத்தில் அடிக்க, கடலைப் பார்த்துக்கொண்டு, உடம்பு தன் வேலையைச் செய்வதை உணர்ந்துகொண்டு ஓட்டுவது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கும் அதே காரணம்தான், எட்டு வருடமாக.

உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன். ஆனால் ஒருவரின் அனுபவத்தை மட்டும் வைத்து இன்னொருவரின் இரண்டு மாதச் சேமிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று உண்மையான எதிரி. "நாம என்ன ரேஸா ஓட்டுறோம், நமக்கெல்லாம் காத்து ஒரு பொருட்டா?" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் பாட்டில், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளச் சாலை, காற்று அடிக்காத விடிகாலை, வேகம் 25. நிமிர்ந்த வாக்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் காற்றைக் கிழித்துக்கொண்டு போக மட்டும் சுமார் 80 வாட் வேண்டும். டயர் சாலையில் உருளுவதில் வீணாவது சாதாரண டயராக இருந்தால் சுமார் 40 வாட். செயினிலும் பற்சக்கரங்களிலும் போவது கொஞ்சம். ஆக, நம் காலிலிருந்து போகும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்கே போகிறது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். அப்படி ஒரு ஃபேனை மூன்றரை மணி நேரம் காலாலேயே ஓட்டுவது போன்ற வேலை இது. ஈசிஆர் போன்ற மேடு பள்ளமில்லாத சாலையில் சைக்கிளின் எடையில் அரைக் கிலோ குறைப்பதைவிடக் காற்றைப் பற்றி யோசிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அதனால் காற்று எதிர்ப்பைக் குறைப்பதைச் சொல்லும் 'ஏரோ' என்ற சொல்லே வியாபாரத் தந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட சாமான்களின் விளம்பரத்தில் 10 வாட் மிச்சம், 15 வாட் மிச்சம் என்று எண்கள் வரும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் சின்ன எழுத்தில், எந்த வேகத்தில் என்று இருக்கும். பல நிறுவனங்கள் சோதனை செய்வது மணிக்கு 45 கிலோமீட்டரில். தொழில்முறை வீரர்கள் ஓட்டும் வேகம் அது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதைச் சமாளிக்கத் தேவையான சக்தி வேகத்தின் கனத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. இதையே தலைகீழாகப் பார்த்தால், வேகம் குறையக் குறைய அந்த மிச்சமும் அதே கணக்கில் கரைந்துவிடும். 45-இல் 12 வாட் மிச்சம் பிடிக்கும் சக்கரம் 25-இல் எவ்வளவு பிடிக்கும்? 45-ஐ 25-ஆல் வகுத்து, வருவதை மும்முறை பெருக்கினால் 5.8. பன்னிரண்டை 5.8-ஆல் வகுத்தால் இரண்டு வாட்.

எழுபதாயிரம் ரூபாய்க்கு இரண்டு வாட். இதைத் தம்பியிடம் காட்டியபோது அவன் முகம் வாடிப்போனது. அதோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அது அரை உண்மை, மீதியையும் சொல்லியாக வேண்டும்.

விற்பவர்கள் பக்கம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. மெதுவாக ஓட்டுபவர் சாலையில் அதிக நேரம் இருக்கிறார், அதனால் ஒரே தூரத்தில் அவருக்கும் வீரருக்கு நிகராக நேரம் மிச்சமாகும் என்பார்கள். போட்டுப் பார்த்தேன், உண்மைதான். நம் ஆளுக்கு இரண்டு வாட் மிச்சமானால் வேகம் 25 என்பது 25.2-ஐ நெருங்கும். 90 கிலோமீட்டருக்கு ஆகும் 216 நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் குறையும். 45-இல் பறக்கும் வீரர் அதே தூரத்தை இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறார், அவருக்கும் ஒன்றே கால், ஒன்றரை நிமிடம்தான் மிச்சம். கணக்கில் இருவரும் சமம்.

ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்துக்கு இருவர் வாழ்க்கையிலும் ஒரே மதிப்பா? 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டி. மூன்று வாரம் ஓட்டிய பிறகு பிரான்சின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், கைப்பிடியில் முன்னோக்கி நீண்ட ஒரு புதுவிதக் கம்பியைப் பொருத்தி, முழங்கைகளை அதில் ஊன்றிக் குனிந்துகொண்டு, தலையில் காற்றுக்கு வழிவிடும் ஹெல்மெட்டோடு ஓட்டினார். ஃபின்யோன் சாதாரணக் கைப்பிடியோடு, வெறும் தலையோடு, பின்னால் குடுமி பறக்க ஓட்டினார். லெமாண்டின் சராசரி வேகம் 54.545. மொத்தப் பந்தயத்தையும் எட்டு விநாடியில் வென்றார். ஆண்கள் டூர் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் இன்றுவரை அதுதான். எட்டு விநாடிக்காக அழுத மனிதர்கள் இருக்கும் இடத்தில் ஒன்றரை நிமிடம் பெரிய சொத்து. மாமல்லபுரத்தில் டீக்கடை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து பேசுகிற நமக்கு அது இரண்டாவது டீ ஆறும் நேரம்.

லெமாண்டின் கதையில் எல்லாரும் அந்தக் கம்பியை நினைவு வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவர் பூன் லெனன் என்ற அமெரிக்கர், பனிச்சறுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். பனிச்சறுக்கு வீரர்கள் மலைச்சரிவில் கையை முன்னால் குவித்து முட்டை வடிவில் குனிவார்களே, அந்த இருப்பைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். ஆக, அந்தக் கம்பி தானாகக் காற்றைக் கிழிக்கவில்லை. அது உடம்பை மடக்கிவைக்கும் ஒரு தாங்கு. சைக்கிளும் ஆளும் சேர்ந்து சந்திக்கும் காற்று எதிர்ப்பில் முக்கால் பங்கு ஆளின் உடம்பினால்தான் வருகிறது. சக்கரம், சட்டகம், பாட்டில், கேபிள் எல்லாம் மீதிக் கால் பங்கைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

சைக்கிள் வரலாற்றைப் புரட்டினால் இது திரும்பத் திரும்ப வருகிறது. 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டி உலக சாதனை செய்தார். அவர் முதல் வரிசை வீரர் அல்ல, படுத்திருந்ததுதான் விஷயம். மறு வருடமே சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ அந்த வகை வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. அறுபது வருடம் கழித்து, 1993-இல், ஸ்காட்லாந்தின் கிரயம் ஓப்ரீ வந்தார். வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கைப் போட்டுத் தன் கையாலேயே கட்டிய சைக்கிளில், கைகளை நெஞ்சுக்கடியில் மடித்துவைத்து, நார்வேயில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். அந்த இருப்பையும் தடை செய்தார்கள். அவர் கைகளை முழுசாக முன்னால் நீட்டிப் பறப்பதுபோல் இன்னொரு இருப்பைக் கொண்டுவந்தார். அதே இருப்பில் 1996-இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு அதற்கும் தடை. கார்பனும் காற்றுச் சுரங்கமும் கணினியும் எவ்வளவோ முன்னேறிய பிறகு, 2022 அக்டோபரில்தான் இத்தாலியின் பிலிப்போ கன்னா 56.792 ஓட்டி அந்த எண்ணைத் தாண்டினார். ஒரு நல்ல இருப்பைத் தாண்ட இருபத்தாறு வருடச் சாமான்கள் தேவைப்பட்டிருக்கின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

சரி, ஈசிஆருக்கு வருவோம். பிரேக் லீவர் மேல் கைவைத்து, முழங்கையை விறைப்பாக நீட்டி ஓட்டும் ஒருவர் முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கி, முதுகைக் கொஞ்சம் தாழ்த்தினால் 25 வேகத்தில் சுமார் 11 வாட் குறையும். சக்கரம் தருவதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். 90 கிலோமீட்டரில் ஏழெட்டு நிமிடம். செலவு ஒன்றுமில்லை. சைக்கிளிலேயே டிராப்ஸ் என்று கீழே வளைந்த பிடி இருக்கிறது. அதைப் பிடிப்பவர்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். அதற்கும் காரணம் உண்டு. பிடித்தால் கழுத்து வலிக்கிறது, வயிறு இடிக்கிறது, பின்தொடை இழுக்கிறது. எனக்கு முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. சைக்கிள் ஃபிட் செய்பவர் ஒருவரிடம் போனேன். சீட்டை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, கொஞ்சம் முன்னால் தள்ளி, கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றினார். தினமும் காலையில் பத்து நிமிடம் இடுப்புக்கும் பின்தொடைக்கும் பயிற்சி செய்யச் சொன்னார். மூன்று மாதத்தில் டிராப்ஸைப் பிடித்து அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்ட முடிந்தது. அவருக்குக் கொடுத்தது சில ஆயிரம் ரூபாய். சைக்கிளுக்கு நான் செய்த செலவுகளில் மிக நல்ல செலவு அதுதான்.

உடையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. படபடக்கும் டி-ஷர்ட் ஒரு சிறு பாராசூட். உடம்போடு ஒட்டிய சாதாரண ஜெர்சி மொத்தக் காற்று எதிர்ப்பில் ஐந்து சதவீதம் குறைத்தாலும் நாலு வாட், சக்கரத்தைவிட இரண்டு மடங்கு. வியர்வையும் சீக்கிரம் காயும். ஜிப்பை முழுசாகத் திறந்துவிட்டு ஓட்டினால் அந்த லாபம் போய்விடும், ஆனால் மே மாதத்தில் நானும் திறந்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். சென்னையில் உயிர்தான் முக்கியம்.

ஏரோ ஹெல்மெட்டும் அந்தக் காரணத்தாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. மனித உடம்பு உள்ளே எரிக்கும் சக்தியில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது. பெடலில் 120 வாட் கொடுக்கும் ஒருவரின் உடம்பில் சுமார் 400 வாட் வெப்பமாக வெளியேற வேண்டியிருக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்த நம் கடற்கரையில் வியர்வை லேசில் காயாது. அப்போது தலைக்கு வரும் காற்றை அடைத்து ஒரு வாட் மிச்சம் பிடிப்பதில் என்ன லாபம்? ஓட்டைகள் நிறைந்த, தலைக்குச் சரியாகப் பொருந்தும், பாதுகாப்புச் சான்று பெற்ற ஹெல்மெட் போதும்.

டயர்தான் நான் ஆசையாகப் பேசும் விஷயம். அது காற்றோடு சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் காசை எங்கே போடுவது என்று கேட்டால் என் கை முதலில் அங்கேதான் நீளும். குறைந்த விலை ரோடு பைக்கோடு வரும் டயர் கெட்டி ரப்பர், கம்பி விளிம்பு, முரட்டுத் துணி. அது சாலையில் உருளும்போது ஒவ்வொரு கணமும் நசுங்கி விரிகிறது, அந்த நசுங்கலில் சக்தி சூடாகிப் போகிறது. நல்ல ரப்பரும் மெல்லிய துணியும் கொண்ட டயருக்கு மாறினால் அந்த 40 வாட்டில் 12, 14 வாட் வரை குறையும். இதில் சிறப்பு என்னவென்றால், டயரின் இழப்பு வேகத்தின் கனத்தில் ஏறுவதில்லை, வேகத்தோடு நேராகத்தான் ஏறுகிறது. அதனால் மெதுவாக ஓட்டும்போது மொத்தச் செலவில் அதன் பங்கு பெரிது. வீரரைவிட நமக்கு டயர் அதிக முக்கியம். ஜோடி ஏழெட்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல டயர் வாங்கிவிடலாம்.

கூடவே காற்றழுத்தம். நம் ஊரில் பம்ப் எடுத்தால் டயர் கல்லாகும் வரை அடிக்கும் பழக்கம் இருக்கிறது. 110, 120 பிஎஸ்ஐ. கண்ணாடி போன்ற பந்தயத் தளத்தில் அது சரியாக இருக்கலாம். தார் பெயர்ந்து, ஒட்டுப்போட்டு, மணல் படிந்து கிடக்கும் சாலையில் கல் டயர் ஒவ்வொரு குண்டு குழிக்கும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறது. அந்தத் துள்ளலில் போவதும் நம் சக்திதான், அதைத் தாங்குவதும் நம் உள்ளங்கையும் முதுகும்தான். நான் 70 கிலோ. 28 மில்லிமீட்டர் டயரில் 70 பிஎஸ்ஐ வைக்கிறேன். கோவளம் தாண்டும்போது கை மரத்துப்போவது நின்றுவிட்டது. கை மரக்காததால் டிராப்ஸை இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்க முடிகிறது. ஒன்றை ஒன்று தூக்கிவிடுகிறது பாருங்கள்.

இப்போது நான் தள்ளிவைத்த பழைய அனுபவம்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு நண்பர் தன் 60 மில்லிமீட்டர் ஆழ ரிம் சக்கரங்களை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். பிடித்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். முதல் இரண்டு வாரம் சொர்க்கம். அந்தச் சக்கரம் சுழலும்போது ஒரு சத்தம் வரும், உள்ளீடற்ற மரத்தில் தட்டுவது போல ஆழமான ஒலி. அந்த ஒலிக்காகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். மூன்றாவது வாரம் கிளம்பவே தாமதம், திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கடற்காற்று ஏறிவிட்ட நேரம்.

முட்டுக்காடு பாலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதுவரை இரண்டு பக்கமும் சவுக்கு, மதில், வீடு என்று ஏதாவது மறைவு இருக்கும். பாலத்தில் ஏறியதும் ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் நீர்ப்பரப்பு, நடுவில் நீங்கள். காற்று எந்தத் தடையும் இல்லாமல் பக்கவாட்டில் வரும். அந்த நேரத்தில் ஒரு பேருந்து என்னை முந்தியது. முந்தும்போது ஒரு கணம் காற்று நின்றது, கடந்ததும் திடீரென மொத்தமாக அடித்தது. முன் சக்கரம் பாய்மரம்போல அதை வாங்கிக்கொண்டு என்னைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி தள்ளியது. பின்னால் வந்த கார்க்காரர் நல்லவேளையாகத் தள்ளி வந்திருந்தார், பிரேக் போட்டார். நான் விழவில்லை. பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தி, மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் பையனுக்கு அப்போது மூன்று வயது.

அன்று மாலையே சக்கரங்களைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நண்பர் புரிந்துகொண்டார். ஆழமான ரிம் எல்லாமே ஆபத்து என்று இதற்குப் பொருளல்ல. எடை கூடிய, கை பழகிய ஒருவர் 40, 45 மில்லிமீட்டரை நன்றாகவே சமாளிப்பார். புதிய வடிவங்கள் பக்கக் காற்றில் பழையவற்றைவிட அடக்கமாகவும் இருக்கின்றன. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். காற்று ஒரே வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கும்போது 45-இல் போகும் வீரருக்கு அது கிட்டத்தட்ட முன்னாலிருந்து வருவது போலத்தான் படும். 25-இல் போகும் நமக்கு அதைவிட அகலமான கோணத்தில் படும். அப்படிப் படும் காற்று முன் சக்கரத்தைத் திசை திருப்பப் பார்க்கும். கடலை ஒட்டிய, பேருந்தும் லாரியும் ஓடும் சாலையில் இரண்டு வாட்டுக்காக அந்த ஆபத்தை நான் ஏற்க மாட்டேன். தம்பியிடம் நான் அழுத்திச் சொன்னது இதை மட்டும்தான்.

காற்றைப் பற்றிப் பேசும்போது நம் மொழியில் திசைக்கொரு பெயர் இருப்பது நினைவுக்கு வருகிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பள்ளியில் மனப்பாடம் செய்தது. சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அவற்றின் பொருள் உடம்புக்குத் தெரிந்தது. மணிக்கு பத்து கிலோமீட்டர் எதிர்க்காற்று என்பது இலை லேசாக அசையும் அளவுதான். ஆனால் அதில் 25 வேகத்தைத் தக்கவைக்கக் காற்றுக்குக் கொடுக்க வேண்டியது 80 வாட்டிலிருந்து கிட்டத்தட்ட 160 ஆகிவிடும். எந்தச் சாமானும் ஈடுகட்ட முடியாத வித்தியாசம். அரை மணி நேரம் முன்னால் எழுந்து, கடற்காற்று ஏறுமுன் வீடு திரும்புவதுதான் ஈசிஆரில் கிடைக்கும் மிகப் பெரிய ஏரோ லாபம்.

மார்கழியில் இது நன்றாகத் தெரியும். வடகிழக்குக் காற்று முதுகில் தள்ள, போகும்போது 30-இல் பறப்போம். மாமல்லபுரத்தில் "இன்னைக்கு நல்ல ஃபார்ம்ல இருக்கோம்" என்று பேசிக்கொள்வோம். திரும்பும்போது அதே வாடை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். 20-ஐப் பிடிப்பதே பாடு. போகும்போது கிடைத்த லாபம் திரும்பும்போது படும் நஷ்டத்துக்கு ஒருபோதும் ஈடாகாது, ஏனென்றால் எதிர்க்காற்றில் கழிக்கும் நேரம் அதிகம்.

இந்தத் திரும்பும் பயணத்துக்காகத்தான் நான் ஒரே ஒரு ஏரோ சாமான் வைத்திருக்கிறேன். லெமாண்ட் பொருத்தியதன் எளிய வாரிசு, கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் கிளிப்-ஆன் ஏரோ பார். ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய். முழங்கையை ஊன்றிக் குனிந்தால் நிமிர்ந்த இருப்பைவிடக் கிட்டத்தட்ட 20 வாட் குறைகிறது. உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வு கிடைப்பது அதைவிடப் பெரிது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, பிரெவே எனப்படும் நீண்ட தூரப் பயணங்களில், மதியம் தாண்டிய பிறகு அந்தக் கம்பிகள்தான் என்னைக் கொண்டுசேர்த்தன. பணத்தைப் பார்த்தால் இந்தப் பட்டியலில் மதிப்புள்ள ஒரே ஏரோ சாமான் அதுதான் என்பேன்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஏரோ பாரில் கை இருக்கும்போது பிரேக் கைக்கெட்டாது. நாய் குறுக்கே வந்தால், ஆட்டோ திடீரென நின்றால், குழி தெரிந்தால், கையைத் திரும்ப லீவருக்குக் கொண்டுவரும் அந்த ஒரு விநாடியில் ஏழு மீட்டர் போயிருப்போம். அதனால் கூட்டத்தில் அதைத் தொடவே கூடாது. குழுவாக ஓட்டும் சாலைப் பந்தயங்களில் இவை அனுமதிக்கப்படுவதில்லை. வெறும் கைப்பிடி மேல் முழங்கையை ஊன்றி ஓட்டுவதைக்கூட 2021-இல் யூசிஐ தடை செய்தது. தனியாக, நேரான, காலியான, கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும் சாலையில் மட்டும்தான் நான் அதில் கைவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கரை சந்திப்பில் ஏரோ பாரில் குனிந்தபடி கூட்டத்துக்குள் புகுந்து போகிறவர்களைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. விழுந்தால் விழுவது அவர்கள் மட்டும் இல்லை.

துணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் நெருங்கி ஓட்டினால் காற்றில் கால் பங்கோ அதற்கு மேலோ குறையும். நம் வேகத்தில் 20 வாட்டுக்கு மேல். 2018-இல் பெர்ட் பிளாக்கன் என்ற பேராசிரியரின் குழு 121 பேர் கொண்ட பெரிய கூட்டத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுவே, பின்பகுதியில் இருப்பவர் சந்திக்கும் எதிர்ப்பு தனியாகப் போகிறவர் சந்திப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள். பந்தயத்தில் கூட்டம் ஏன் பிரியாமல் ஒட்டிக்கொண்டே வருகிறது என்பது அதில் விளங்கிவிடும். நமக்கு நாலு பேர் போதும். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னால் நின்று காற்றை வாங்கி, பிறகு ஒதுங்கிப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். குழி வந்தால் கையால் காட்ட வேண்டும், திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. இதைப் பழக ஒரு மாதம் ஆகும். டிசம்பர் வாடையில் நாலு பேர் இப்படி மாறி மாறி ஓட்டித் திரும்பிய காலைகள் எனக்கு மறக்காது. களைத்துப்போன ஒருவரை மூன்று பேர் நடுவில் வைத்துக் காற்று படாமல் கொண்டுவந்து சேர்ப்பதில் இருக்கும் நிறைவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில் தயங்கித் தயங்கி, "ஆனா அண்ணா, பாக்க ரொம்ப நல்லா இருக்குல்ல?" என்றான்.

இருக்கிறது. அது முழு நேர்மையான காரணம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அழகான சைக்கிள் விடிகாலை நாலரை மணிக்கு ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்பும். அப்படி எழுந்து ஓட்டும் ஒவ்வொரு நாளும் லாபம்தான். அழகுக்காக வாங்குவதாக இருந்தால் போனஸ் வந்த பிறகு, கடன் இல்லாமல், 40 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வாங்கு என்றேன். வேகத்துக்காக என்றால் முதலில் டயர், பிறகு ஃபிட், பிறகு டிராப்ஸ் பழக்கம்.

இப்போதைக்கு டயர் மாற்றியிருக்கிறான். போன சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கே சைக்கிளைக் கொண்டுவந்தான். கைப்பிடிக்குக் கீழே இருந்த ஸ்பேசர் வளையங்களில் ஒன்றை மட்டும் எடுத்து மேலே போட்டோம், கைப்பிடி ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தது. ஒரு மாதம் இப்படி ஓட்டு, கழுத்து ஒன்றும் சொல்லவில்லை என்றால் இரண்டாவதையும் எடுப்போம் என்றேன். ஞாயிறு காலை அவன் முன்னால் போனான், நான் அவன் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். முட்டுக்காடு பாலத்தில் காற்று இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். மீட்டரில் 27 காட்டியது.